யார் கட்டு

செல்லதுரை தூக்கில் தொங்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். கயிற்றைச் சங்கிலிப்பாண்டிதான் கட்ட வேண்டும்.

"வேற எவன் கட்டினாலும் நான் ஸ்டூல்ல கால் வைக்க மாட்டேன். அவனும் நானும் ஒரே சாரத்துல நின்னு வயசானவங்க" என்று ஒத்திகைக்கு வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "என்னடே சங்கிலி, கட்டுவியா மாட்டியா?"

மேடைக்கான பலகைகளை இறக்கிக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி நிமிர்ந்து பார்த்தான். "கட்டுறேன் அண்ணாச்சி" என்றான்.

கொச்சியின் மட்டாஞ்சேரித் தமிழர்களிடையே சங்கிலிப்பாண்டியைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல நிறைய இருந்தது. குடிப்பான். குடித்தால் கை நீளும். அப்படி ஒருநாள் கை நீண்டதில்தான் அவன் மனைவி கமலாக்ஷி இடக்கொச்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள், திரும்பி வரவில்லை. ஆனால் அவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஏன் அடித்தாய் என்று பஞ்சாயத்தில் கேட்டபோதுகூட, அவள் வாய் பேசினாள், சமைக்கவில்லை என்றெல்லாம் மழுப்பாமல், "போதையில அடிச்சேன், தப்புதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். ஆள் மோசம், வாய் சுத்தம் என்பார்கள். அந்தச் சுத்தமான வாயால் தம்பி சாவில் அவன் தனக்கே தேடிக்கொண்டதைப் பற்றிப் பேச்சு வரும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

எட்டு மாதங்களுக்கு முன்பு பஜார் ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் பழைய மிளகுக் கிடங்கை ஹோட்டலாக மாற்றும் வேலை நடந்தது. ஒப்பந்தம் செல்லதுரையுடையது. ஒரு காலத்தில் சங்கரன்கோவில் பக்கமிருந்து சங்கிலிப்பாண்டியோடு ஒரே ரயிலில் வந்து சாரம் கட்டிப் பிழைத்தவர்தான். இப்போது ஆள் வைத்து வேலை வாங்குகிறார். தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர். கிடங்கின் முன்சுவர் கோணலும் மாணலுமாக இருந்ததால் இரும்புக் குழாய் சரிப்படவில்லை; சவுக்குக் கம்பும் கயிறும் வைத்து சங்கிலிப்பாண்டி சாரம் கட்டினான். கட்டி முடித்த மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. குடித்தது தெளியாமல் சுள்ளிக்கல் பக்கம் இருந்த தன் அறையில் கிடந்தான்.

அன்று காலை கண்ணாடி ஏற்றி வந்த லாரி சந்துக்குள் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. சாரத்துக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக் கம்புகளை அவிழ்த்து வழிவிடச் சொன்னார் செல்லதுரை. அவிழ்த்தார்கள். லாரி உள்ளே போனது. முட்டுகளைத் திரும்பக் கட்டவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

சாரம் கட்டுகிற இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாரத்தில் ஏறப்போகிறவன் கம்பில் ஒரு கையை வைத்து, "யார் கட்டு?" என்று கேட்பான். கட்டியவன் "என் கட்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் வந்தால்தான் ஏறுவது. விழுந்தால் உன் உயிருக்கு நான் பொறுப்பு என்று நாலு பேர் கேட்கச் சொல்கிற வார்த்தை அது. கட்டியவன் ஊரில் இல்லாவிட்டால் மேஸ்திரி சொல்லலாம். ஆனால் கட்டை ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

சங்கிலிப்பாண்டியின் தம்பி முத்துவேல் அன்று பூச்சு வேலைக்கு ஏறினான். "யார் கட்டு?" என்று கேட்டான்.

"உங்கண்ணன் கட்டுதான். ஏறுடே, நேரமாகுது" என்றார் கீழே நின்ற செல்லதுரை.

மேல்தட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்ததும் சாரம் முன்பக்கமாகச் சரிந்தது. எர்ணாகுளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், தோப்பும்படிப் பாலம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

இதையெல்லாம் சங்கிலிப்பாண்டியிடம் சொன்னவன் கோவிந்த் என்கிற கொத்தனார். அடக்கம் முடிந்த அன்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். "ஆனா போலீஸ்ல நான் சொல்ல மாட்டேண்ணே. ரெண்டு பொட்டப்பிள்ளை வச்சிருக்கேன். அவரு வேலை கொடுக்கலேன்னா நான் எங்க போவேன்?" என்று அதையும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

போலீஸில் செல்லதுரை சொன்னது வேறு கதை. கட்டியவன் குடிகாரன், கட்டு சரியில்லை, அண்ணனை நம்பி ஏறின பையன் போய்விட்டான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். முட்டுக் கம்பை அவிழ்த்ததால்தான் விழுந்தது என்று அவன் சொல்ல ஆரம்பித்தான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திக் கேட்டார்.

"கட்டின அன்னைக்கு நீ குடிச்சிருந்தியா?"

"ஆமா சார். மத்தியானம் கொஞ்சம். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவன் சொன்னதை யாரும் எழுதவில்லை. கட்டியவனின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடிந்தது. இறந்தவனின் அண்ணன் மேல் வழக்குப் போட வேண்டாமென்று செல்லதுரையே பெரிய மனது பண்ணிக் கேட்டுக்கொண்டதாக ஊர் பேசிக்கொண்டது.

முத்துவேலின் மனைவி பாண்டிச்செல்வி, சுக்கு தரம் பிரிக்கும் கிடங்கில் வேலை பார்ப்பவள், அன்று சங்கிலிப்பாண்டி ஸ்டேஷனிலிருந்து வந்து நின்ற வாசலிலேயே அவனை மறித்தாள்.

"ஒரு 'இல்ல' சொல்லியிருந்தா உங்க வாய் வெந்தா போயிருக்கும் அத்தான்? அவரைக் கொன்னது ஒருத்தன் இல்ல, ரெண்டு பேரு. அவன் முட்டுக் கம்பை அவுத்தான். நீங்க வாயை அவுத்தீங்க."

அவன் வாசலோடு திரும்பி நடந்தான். குடித்தது நிஜம்.

மூன்று மாதம் கழித்து, கூப்பிட்ட முதல் தடவையே அவன் செல்லதுரையிடம் வேலைக்குத் திரும்பினான். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சிலிருந்து எழுந்து போனார்கள். லாரிக் கதையைக் காதில் வாங்கியிருந்தவர்கள், தம்பியைத் தின்ற கையில் சோறு வாங்கித் தின்கிறான் என்று காதுபடவே பேசினார்கள். செல்லதுரைக்கோ அது பெரிய வசதியாகப் போயிற்று. சொந்த அண்ணனே என்னிடம் வேலை பார்க்கிறான், என் மேல் குற்றம் இருந்தால் வருவானா என்று கேட்க முடிந்தது. எங்கே போனாலும் சங்கிலிப்பாண்டியைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டார்.

சங்கிலிப்பாண்டிக்கும் அவர் பக்கத்தில்தான் நிற்க வேண்டியிருந்தது. மொட்டை மாடி விளிம்பில் செல்லதுரை முதுகைக் காட்டி நின்று போன் பேசிய நாட்கள் உண்டு. ஒரு தள்ளு போதும். கை வரவில்லை என்பதல்ல, அது போதவில்லை. பின்னாலிருந்து தள்ளினால் எதற்காகச் சாகிறோம் என்று தெரியாமலே போய்விடுவார். கட்டை நம்பிக் கால் வைத்து, அந்தக் கட்டு விட்டுப் போகிற நொடி எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். முத்துவேலுக்குத் தெரிந்த மாதிரி.

நாடகம் வந்தது.

சங்கத்தின் ஆண்டு விழா நாடகத்தை அந்த வருடம் எழுதியவன் சஃப்வான். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் மசாலா வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டுப் பையன். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம். அதனால் தமிழ் வசனம் முழுவதையும் மலையாள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்துக் காட்டினான். பழைய காலத்துக் கொச்சியில் மிளகு எடை போடும் ஒருவன்தான் கதாநாயகன். மனைவி இருக்கையில் வேறொருத்தியோடு தொடர்பு வைத்திருப்பவன். தன் நண்பர்கள் ராஜத்துரோகிகள் என்று பொய்ச்சாட்சி சொல்லும்படி அரண்மனையில் அவனை நெருக்குகிறார்கள். சொன்னால் உயிர் மிஞ்சும். அவன் மறுத்துத் தூக்கில் தொங்குகிறான்.

தலைவர் என்ற முறையில் கதாநாயகன் வேடம் செல்லதுரைக்குப் போயிற்று. முதல் ஒத்திகையிலேயே அவருக்கு ஒரு குறை.

"எல்லாம் நல்லாருக்கு தம்பி. அந்தப் பொம்பளை சமாச்சாரத்தை மட்டும் எடுத்துரு."

"அதெடுத்தா கதையே இல்ல சேட்டா" என்றான் சஃப்வான். "நல்லவன் நெஜம் சொன்னா அதுல எந்தா விசேஷம்? இவன் பெண்டாட்டிக்குத் துரோகம் பண்ணினவன். ஊருல மதிப்பில்லாதவன். இவன் கையில மிச்சமிருக்கறது சொன்ன சொல்லு மட்டும்தான். அதையும் வித்துட்டா அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல. அதுக்காகத்தான் சாகுறான்."

"அதெல்லாம் சரிடே. என் வீட்டுக்காரி முன்வரிசையில உக்காந்திருப்பா. ஹோட்டல் ஓனரு வேற வாராரு. இவனை நல்லவனாவே ஆக்கிரு."

"அப்ப தூக்குல தொங்கறது?"

"அது இருக்கட்டும். தொங்கினாத்தான் கைதட்டு வரும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சஃப்வான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு காட்சிகளை அடித்தான். மூலையில் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை.

தூக்குக் காட்சிக்காக சஃப்வான் கலூரில் சினிமா சண்டைக் காட்சிகளுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் ஒருவரிடமிருந்து பெல்ட் ஒன்று வாங்கி வந்தான். சட்டைக்கு உள்ளே மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வது. அதன் முதுகுப்பக்கம் ஒரு கொக்கி. மேலே உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு இறங்கும். ஒன்று கொக்கியில் மாட்டும் முதுகுக் கயிறு. ஆளின் பாரத்தை அதுதான் தாங்கும். மற்றது கழுத்துக் கயிறு, வெறும் காட்சிக்கு. உத்தரத்தில் அதைத் தையல் நூலால்தான் கட்டியிருக்கும். தவறிப்போய் அதில் பாரம் விழுந்தால் நூல் அறுந்து கயிறு கையோடு வந்துவிடும். ஒத்திகையில் நான்கு தடவை செல்லதுரை தொங்கிப் பார்த்தார். ஊஞ்சல் மாதிரி இருக்கிறது என்றார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு. பஜார் ரோட்டில் காலியாகக் கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் மேடை. மதியம் எல்லோரும் பிரியாணிக்குப் போயிருந்த நேரத்தில் சங்கிலிப்பாண்டி உத்தரத்தின் மேல் ஏறினான். இரண்டு கயிறுகளையும் அவிழ்த்தான். நூலில் இருந்த கழுத்துக் கயிற்றைச் சாரக்கட்டாக இறுக்கினான். பாரம் தாங்க வேண்டிய முதுகுக் கயிற்றை நூலில் நிறுத்தினான். காலையிலிருந்து அவன் ஒரு சொட்டும் தொடவில்லை. இந்தக் கட்டைக் குடித்துவிட்டுக் கட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

இறங்கியபோது கீழே பாண்டிச்செல்வி நின்றிருந்தாள். அவனுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவை.

அவன் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சை மோந்து பார்த்தாள். "குடிக்கலியா?"

"இல்ல."

அவள் நிமிர்ந்து உத்தரத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். சாரத்தில் ஏறுகிறவனோடு பத்து வருடம் குடும்பம் நடத்தியவள்.

"நான் முன்வரிசையில உக்காருறேன் அத்தான்" என்று சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போனாள்.

செல்லதுரை நன்றாக நடித்தார். அதுதான் சங்கிலிப்பாண்டியால் தாங்க முடியாததாக இருந்தது. தூக்குப் போடுகிறவன் வேடத்தில் தலையில் கறுப்புத் துணி கட்டி அவன் மேடையோரத்தில் நின்றிருந்தான். "உயிர் போனால் ஒருமுறைதான் போகும், சொன்ன சொல்லை விற்றால் விடியும்தோறும் சாக வேண்டும்" என்று செல்லதுரை குரல் உடையச் சொன்னபோது முற்றம் முழுக்க விசும்பல் கேட்டது. ஹோட்டல் முதலாளி கைக்குட்டையை எடுத்தார். செல்லதுரையின் மனைவி பாக்கியலக்ஷ்மி புருஷனைப் புதிதாகப் பார்ப்பவள்போல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நாலு நாற்காலி தள்ளி பாண்டிச்செல்வி, கண் சிமிட்டாமல். ஒரு பொய்யால் ஒருவனைக் கொன்ற வாய் உண்மைக்காகச் சாவதைப் பற்றிப் பேசுகிறது, அதற்கு ஊர் அழுகிறது. சங்கிலிப்பாண்டி பற்களைக் கடித்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

முரசு அடித்தார்கள். அவன் முன்னால் போய், சட்டையின் பின்புறத் துளை வழியாகக் கொக்கியை மாட்டினான். கழுத்தில் சுருக்கைப் போட்டான். ஸ்டூலைக் காலால் நகர்த்தி வைத்தான்.

செல்லதுரை ஸ்டூலில் ஒரு காலைத் தூக்கி வைத்தார். அவர் கை தானாக மேலே போய்க் கயிற்றைப் பிடித்தது. எத்தனையோ வருடம் சாரத்தில் ஏறி இறங்கிய உடம்பு; தரையைவிட்டுக் கால் எடுக்கும் முன்னால் அது கேட்டுப் பழகியதைக் கேட்டுவிட்டது.

"யார் கட்டுடே?"

தாழ்ந்த குரலில்தான் கேட்டார். உதட்டோரம் சிநேகமான ஒரு சிரிப்புகூட இருந்தது. ஆனால் சட்டைக் காலரில் குத்தியிருந்த மைக் அதை முற்றத்தின் கடைசி வரிசை வரை கொண்டு போயிற்று.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த சங்கிலிப்பாண்டி இதை யோசிக்கவில்லை.

'என் கட்டு' என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவன்தான் கட்டினான். 'உங்கண்ணன் கட்டுதான், ஏறுடே' என்று அன்றைக்கு இவர் சொன்னதிலும் பொய் இல்லைதான். அதுவும் அண்ணன் கட்டுதான். அந்த வார்த்தையை நம்பித்தான் முத்துவேல் காலை எடுத்து வைத்தான். செல்லதுரையைக் காப்பாற்ற வேண்டும் என்று சங்கிலிப்பாண்டிக்குத் தோன்றவில்லை. அந்த நொடியிலும் அவர் சாக வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு சொல்லைச் சொல்லி அவரைச் சாகடித்தால், தானும் அந்த ஆளும் ஒன்று.

முரசு நின்றுவிட்டது. செல்லதுரை இன்னொரு காலைத் தூக்கினார்.

"என் கட்டு" என்றான் சங்கிலிப்பாண்டி. பிறகு தொண்டை கிழியக் கத்தினான். "ஏறாதே! உன்னைக் கொல்லக் கட்டின கட்டு. ஏறினா செத்துருவே!"

அண்ணாச்சியும் இல்லை, மரியாதையும் இல்லை. முற்றம் அதிர்ந்தது. பின்வரிசையில் விசிலடித்தார்கள். கைதட்டல் எழுந்தது. தூக்குப் போடுகிறவனே மனம் மாறிவிட்டான், என்ன ஒரு திருப்பம் என்று போன்களை உயர்த்திப் படம் பிடித்தார்கள்.

செல்லதுரை மட்டும் தலையை உயர்த்தி உத்தரத்தைப் பார்த்தார். கட்டுத் தெரிந்தவர். ஒரே பார்வை போதுமாக இருந்தது. இரண்டு கையாலும் சுருக்கைக் கழுத்திலிருந்து உருவிக்கொண்டு, கொக்கியோடு ஓட முயன்றார். நூல் அறுந்து முதுகுக் கயிறு மொத்தமும் அவர் மேலேயே வந்து விழுந்தது. திரையை இழுத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் ஒரு மண்மூட்டையின் மேல் உட்கார்ந்து அவர் தண்ணீர் குடித்தார். பாதி சட்டையில் ஊற்றிக்கொண்டார்.

"கொல்லப் பாத்தியாடே?"

"ஆமா."

ஏன் என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

வாசலில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டார், எஸ்.ஐ. வந்துகொண்டிருக்கிறார் என்று யாரோ ஓடி வந்து சொன்னார்கள். அதைக் கேட்டுப் பதற வேண்டியவன் சங்கிலிப்பாண்டி. பதறியவர் செல்லதுரை.

"இங்க பாரு சங்கிலி. நடந்தது நடந்துபோச்சு. குடிச்சிருந்தேன், போதையில கயித்தை மாத்திக் கட்டிட்டேன், கடைசி நேரத்துல ஞாபகம் வந்து கத்தினேன்னு சொல்லிரு. நான் புகார் கொடுக்கல. நாளைக்குக் காலையில வழக்கம்போல வேலைக்கு வா."

"ஆமாண்ணே, சொல்லிருங்க" என்றான் கோவிந்த். சஃப்வானும் தலையாட்டினான்.

"நான் குடிக்கல."

"குடிச்சேன்னு சொல்றதுல உனக்கு என்னடே நோகுது? போன தடவை சொன்னேல்ல?"

"போன தடவை குடிச்சிருந்தேன்."

செல்லதுரைக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏல, உன்னைக் காப்பாத்தத்தான்டே சொல்றேன். கொலை முயற்சி! பத்து வருஷம் உள்ள போயிருவே."

"போறேன். நீங்க புகார் கொடுங்க."

"நான்தான் வேண்டாங்கேன்ல!"

"ஏன் வேண்டாங்கீங்க? உங்களைக் கொல்லக் கயிறு கட்டினவன் எதுர்ல நிக்கேன். கையைக் காட்டி, இவன்தான்னு சொல்லுங்க. கோர்ட்டுல கூப்பிடுவாங்க. சத்தியம் வாங்கிட்டு, இவன் உங்களை ஏன் கொல்லப் பாத்தான்னு கேப்பாங்க. அப்ப நீங்க பேசணும். உங்க வக்கீலு கேப்பான், என் வக்கீலு கேப்பான். லாரி வந்த கதையைச் சொல்லணும். இந்தா நிக்கானே கோவிந்து, இவனையும் கூப்பிடுவாங்க."

கோவிந்த் தன் பெயரைக் கேட்டதும் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். செல்லதுரையிடமிருந்து நகர்ந்தானா, சங்கிலிப்பாண்டியிடமிருந்தா என்று சொல்ல முடியவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு பாண்டிச்செல்வி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் நேராக அவனிடம் போனாள்.

"விட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்" என்றாள். "வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தாலே போதும். இப்பவும் அவுத்துட்டீங்க."

"முடிஞ்சிருக்கும்தான். ஆனா எப்படி முடிஞ்சிருக்கும்னு பாத்தியா செல்வி? பொய் சொல்லாத மகராசன் வேஷத்துலேயே செத்திருப்பான். ஊரே அழுதிருக்கும். முக்குக்கு முக்கு படம் வச்சு மாலை போட்டிருப்பாங்க. நம்ம முத்துவேலு குடிகாரன் தம்பியாவே கெடந்திருப்பான்." அவன் செல்லதுரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இந்த ஆளு சாக வேண்டாம். இருக்கட்டும். இருந்து பேசட்டும்."

எஸ்.ஐ. சுபாஷிணி வந்தார். அந்த ஸ்டேஷனுக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். அவர் வாய் திறக்கும் முன்பே செல்லதுரை எழுந்து கும்பிட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம். நாடகத்துல வர்ற வசனம். வெளிய இருக்கவங்களுக்குப் புரியல."

"வசனமாணோ?" சுபாஷிணி சுற்றிப் பார்த்தார். "ஆரா எழுதியது?"

சஃப்வான் கையைத் தூக்கினான். செல்லதுரை அவன் தோளில் கையை வைத்தார். பார்வைக்கு ஆதரவாக வைத்த கை மாதிரி இருந்தது; சஃப்வானின் தோள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"சொல்லு தம்பி. நீ எழுதினதுதானே?"

சஃப்வான் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். அதில்தான் எல்லாம் இருந்தது, உயிரைவிடச் சொல் பெரியது என்று அவனே எழுதியது.

"யார் கட்டுன்னு கேக்கற வரைக்கும் நான் எழுதியது மேடம். அதுக்கு அப்புறம் நான் எழுதியதல்ல. யார் கட்டுங்கறதே நான் எழுதல."

செல்லதுரையின் கை கீழே விழுந்தது.

சுபாஷிணிக்கு இதைப் பெரிதாக்க விருப்பம் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆருக்கும் ஒண்ணும் பற்றியில்லல்லோ, பராதியும் இல்லல்லோ என்றார். அடிபட்டவர் இல்லை, புகார் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வேறு. சங்கிலிப்பாண்டி நகர்ந்து அவர் வழியில் நின்றான்.

"மேடம், ஒரு மண்மூட்டை போட்டுப் பாருங்க."

"எந்தா?"

"அவரு தொங்க வேண்டிய மாதிரியே மூட்டையை மாட்டிப் பாருங்க. முதுகுக் கயித்தை நான் எப்படி நூல்ல கட்டியிருந்தேனோ அதே மாதிரி கட்டித் தாரேன். கழுத்துக் கயிறு இன்னும் மேலேயே கெடக்கு, நான் தொடல."

மேடையின் பின்தட்டிகளுக்குப் பாரமாக வைத்திருந்த மண்மூட்டை ஒன்றைத் தூக்கி வந்தார்கள். போலீஸ்காரர் பார்த்திருக்க அவன் நூலைக் கட்டினான். மூட்டையின் இடுப்பில் பெல்ட்டைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார்கள். கட்டியிருந்த வாயில் சுருக்கைப் போட்டார்கள். ஸ்டூலில் நிறுத்தினார்கள். யாரோ திரையைத் திறந்துவிட்டார்கள். கலையாமல் நின்ற கூட்டம் மேடையைப் பார்த்து அமைதியானது.

ஸ்டூலைத் தட்டினார் போலீஸ்காரர். நூல் 'பட்'டென்று அறுந்தது. மூட்டை விழுந்து, பாதியில் வெடுக்கென்று நின்று, கழுத்தில் தொங்கி மெல்லச் சுற்றியது. மூட்டையின் வாய் இறுகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மண் பொலபொலவென்று மேடையில் கொட்டியது.

பாக்கியலக்ஷ்மி வீரிட்டாள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. செல்லதுரை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சுபாஷிணி தொப்பியைக் கழற்றி, திரும்ப வைத்துக்கொண்டார். "இனி பராதி வேண்ட" என்றார். புகார் தேவையில்லை, இது போதும். பிறகு செல்லதுரையின் பக்கம் திரும்பி, ஏன் என்று கேட்டார். "ஈ ஆளு உங்களெ எந்தினா கொல்லான் நோக்கியது?"

முன்வரிசையில் ஹோட்டல் முதலாளி எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியல மேடம்" என்றார் செல்லதுரை. இருபது வருடமாக ஒன்றாக இருப்பவர்கள் என்று கூட்டத்திலிருந்து யாரோ குரல் கொடுத்தார்.

"அறியில்லே? இருபது வருஷத்துக் கூட்டுக்காரன். காரணம் அறியில்லே?"

"தெரியல."

"செரி. அங்ஙனே எழுதாம்." சுபாஷிணி எழுதச் சொன்னார். "கோடதியில் இதுதன்னெ பறயணும். ஞான் அன்வேஷிக்கும். முன்பு எந்தெங்கிலும் கேஸ் உண்டாயிருந்தோ, நோக்கட்டே."

கோர்ட்டிலும் இதையே சொல்ல வேண்டும்; முன்பு ஏதாவது வழக்கு இருந்ததா என்று அவர் விசாரிக்கப்போகிறார். செல்லதுரை வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். பூசியிருந்த வேடச் சாயம் துணியோடு வந்தது. அவர் பார்வை கோவிந்தைத் தேடியது. கோவிந்த் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தில், பாண்டிச்செல்வி விட்டு வந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தான்.

சங்கிலிப்பாண்டி தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து சஃப்வானிடம் கொடுத்தான். கூட்டத்துக்கு நடுவே போலீஸ்காரர் அவனைக் கூட்டிப் போனபோது எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். ஆனால் டீக்கடையில் எழுந்து போன மாதிரி விலகவில்லை. வெளியே படகுத்துறைப் பக்கமிருந்து காற்று அடித்தது. இன்னும் வெளிச்சம் இருந்தது.

ஜீப்பின் பின்பக்கம் அவன் ஏறி உட்கார்ந்ததும் பாண்டிச்செல்வி வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சினை முடுக்கியதும்தான் கேட்டாள்.

"எத்தனை வருஷம் போடுவாங்க அத்தான்?"

மேடைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்த செல்லதுரையைக் கிடங்கின் திறந்திருந்த கதவு வழியே பார்த்துக்கொண்டிருந்த சங்கிலிப்பாண்டி, தலையைத் திருப்பாமலே கேட்டான்.

"யாருக்கு?"